யாழ்ப்பாணத்துப் பழைய ஊரில் வீட்டுச் சாமான்களைப் பூட்டிவைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருக்காக?

கந்தரோடை, வட்டுக்கோட்டை, வல்வெட்டித்துறை, காரைநகர் போன்ற பழைய ஊர்களில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர்களுக்கு. பெற்றோர் காலமான பின் நாற்சார் வீட்டுச் சாமான்களை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்கு. வீடு திருத்தி முடியும் வரை எல்லாவற்றையும் ஓரிடத்தில் ஒதுக்க வேண்டியவர்களுக்கும்தான். பெரிய நகரங்களில் மாத வாடகைக்கு ஓர் அறை எடுத்து, சொந்தப் பூட்டைப் போட்டு, வேண்டியபோது தாங்களே திறந்து எடுக்கும் வசதி இருக்கிறது. ஊரில் அதே வேலையை உள்ள இடத்தில் எப்படிச் செய்வது என்பதே இங்கே விடயம்.

ஊரில் அப்படியான இடத்துக்கு எங்கே போவது?

மூன்று வழிதான் உண்டு. சொந்த வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிப் பூட்டுவது ஒன்று. சொந்தக்காரர் அல்லது அயலவர் வீட்டில் அறை எடுப்பது இன்னொன்று. சுன்னாகம், நெல்லியடி, சங்கானை போன்ற சந்தையடிகளில் கடையறையை மாத வாடகைக்கு எடுப்பது மூன்றாவது. எங்கள் எண்ணத்தில், ஆள் குடியிருக்கும் வீட்டின் ஓர் அறையே மற்ற இரண்டையும் விட நல்லது. ஆள் புழங்கும் வீட்டில் ஓடு விலகினால் அன்றைக்கே தெரியும். பூட்டிய வீட்டில் அடுத்த வருடம்தான் தெரியும்.

காணிக்குள் 20 அடி இரும்புக் கொள்கலன் இறக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வெயிலில் அதன் உட்புறம் அடுப்பு மாதிரிக் கொதிக்கும். இரவில் தகரம் குளிர்ந்து உட்கூரையில் நீர் கோத்துச் சொட்டும். மேலே கிடுகுக் கொட்டில் போட்டு, இரு பக்கமும் காற்றுத் துவாரம் வெட்டாமல் அதில் துணியோ கடதாசியோ வைக்க வேண்டாம். கடற்கரை ஊர்களில் அடித்தகடு உவர்க்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

எவ்வளவு பெரிய அறை வேண்டும்?

10 அடிக்கு 10 அடி அறையில், 8 அடி உயரம் வரை ஒழுங்காக அடுக்கினால், இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் அடங்கும். 5 அடிக்கு 5 அடி மூலை இருந்தால் பதினைந்து இருபது பெட்டியும் ஒரு றங்குப் பெட்டியும் வைக்கலாம். கணக்குப் பார்க்கும்போது சுவரோரம் விடும் இடைவெளியையும் நடுவில் ஆள் போய்வர 2 அடிப் பாதையையும் மறக்காமல் கழியுங்கள். பாதை இல்லாமல் அடைத்த அறையை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். பார்க்காத அறையில்தான் கறையான் ஏறும்.

ஏற்றுவதற்குப் பட்டா எனும் சிறு சரக்கு வாகனம் போதும். அதன் தட்டு ஏறத்தாழ 7 அடிக்கு 5 அடி. ஒரு சிறிய வீட்டுக்கு இரண்டு மூன்று நடை. பழைய ஊர் ஒழுங்கைகளுக்குள் லொறி திரும்பாது, வேலியையும் சங்கடப்படலையையும் உடைத்துவிடும்.

அறையை எடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பகல் 12 மணிக்குப் போய், கதவு யன்னல்களைச் சாத்தி, இருட்டில் நின்று முகட்டைப் பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரிகிற ஒவ்வோர் இடமும் மழைத் தண்ணீர் இறங்கும் இடம். பனஞ்சலாகையில் கறுப்புக் கறை இருந்தால் அங்கே முன்பும் ஒழுகியிருக்கிறது. ஓடுகளை நகர்த்துவது பெரும்பாலும் மரநாயும் பூனையும்தான். பனையோ தென்னையோ சரிந்து நிற்கும் கூரையில் காயும் மட்டையும் விழும்.

அடுத்து சுவரின் அடிப்பகுதி. தரையிலிருந்து 1 முதல் 3 அடி உயரம் வரை பூச்சு பொருமி, வெள்ளை உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஈரம் சுவரில் ஏறுகிறது என்று பொருள். பழைய வீடுகள் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியவை. அவற்றில் ஈரத்தடுப்புப் படை கிடையாது. அந்த அறை ஆகாது என்றில்லை. சுவரில் எதுவும் தொடாமல் வைத்தால் போதும்.

கூரைத் தண்ணீர் ஓடும் பீலியையும் பாருங்கள். வேப்பஞ் சருகு அடைத்த பீலி நிரம்பி, தண்ணீர் சுவருக்குள் திரும்பும். வாசற்படி முற்றத்தை விடக் குறைந்தது 1 அடி உயர்ந்திருக்க வேண்டும். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழையில் எந்த வீட்டுக்குள் எவ்வளவு வெள்ளம் ஏறியது என்று அயலில் கேட்டால் சொல்வார்கள். அந்தக் கோட்டுக்கு மேலேதான் முதல் தட்டு வர வேண்டும்.

உப்புப் பூத்த சுவருக்குச் சீமெந்து பூசினால் சரிவருமா?

வராது. இதுதான் பழைய வீடுகளில் அடிக்கடி நடக்கும் பிழை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சீமெந்து அதை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் சீமெந்து முடிகிற இடத்துக்கு மேலே ஏறி, 3 அடியில் இருந்த கறை 5 அடிக்குப் போகும். இரண்டொரு மாரிக்குள் சீமெந்தும் பாளமாகக் கழரும். பொருமிய பூச்சைச் சுரண்டி எடுத்து, உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி, கோடையில் காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்தே பூசி வெள்ளையடியுங்கள். பிளாஸ்ரிக் பெயின்ற் அடிப்பதும் சீமெந்து பூசுவது போலத்தான்.

கறையானை எப்படித் தடுப்பது?

வலிகாமத்துச் செம்மண்ணில் கறையான் இல்லாத காணி இல்லை என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். அது நிலத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பால் மேலே வரும். மண்ணால் பென்சில் தடிப்பில் குழாய் கட்டிக்கொண்டு, இருட்டிலும் ஈரத்திலும் நடக்கும். கல்லையும் இரும்பையும் அது தின்னாது. ஆனால் அவற்றின் மேல் குழாய் கட்டி ஏறும். ஆகவே இரும்புத் தட்டு வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. குழாய் கண்ணில் படும்படி இடைவெளி விட வேண்டும்.

செய்முறை இது. நிலத்து வெடிப்புகளைச் சீமெந்துக் கலவையால் அடையுங்கள். அதன்மேல் தடித்த பொலித்தீன் விரித்து, விளிம்பைச் சுவரிலிருந்து அரை அடி உள்ளே நிறுத்துங்கள். சீமெந்துக் கல்லை நிமிர்த்தி வைத்து அதன்மேல் பலகையோ இரும்புச் சட்டமோ போட்டால் 8 அங்குல உயரம் கிடைக்கும். எல்லாப் பக்கமும் சுவரிலிருந்து 6 அங்குலம் தள்ளியே அடுக்குங்கள். ரோச் லைற்றை நிலத்தோடு படுக்க வைத்து அடித்தால் அடுக்கின் அடிப்பக்கம் முழுவதும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடுக்கு பிழை.

நிலத்தில் காட்போட் மட்டை விரிப்பது கறையானுக்குச் சோறு போடுகிற வேலை. மாம்பலகை, பெட்டியடிக்கும் மலிவுப் பலகை இரண்டையும் அது விரும்பித் தின்னும். தேக்கு, வேம்பு, முற்றிய பனை வைரம் நின்றுபிடிக்கும். குழாயைக் கண்டால் உடனே தட்டிவிடாமல், எங்கிருந்து வருகிறதென்று அடிவரை பின்தொடர்ந்து பாருங்கள். நடுவில் உடைத்தால் அது பக்கத்தால் வேறு பாதை போடும்.

மருந்து அடிக்கிற விடயத்தில் மிகவும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்து நிலத்தின் கீழ் வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணக்கல். மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போய்ச் சேரும். கிணற்றடிக்குப் பக்கத்து அறையில் நிலத்தைத் துளைத்து மருந்து இறைக்க விடாதீர்கள். மூலையில் கழிவு ஒயில் ஊற்றும் பழக்கமும் வேண்டாம். கிணறு ஒருமுறை கெட்டால் அந்த வளவு மட்டுமல்ல, அயலும் தண்ணீருக்கு அலையும்.

எந்த மாதத்தில் கட்டிவைப்பது, எப்போது திறப்பது?

பெப்ரவரி, மார்ச்சில் கட்டுங்கள். மாரி ஓய்ந்து, சுவர் காய்ந்து, பனியும் குறைந்திருக்கும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கட்டினால் பெட்டிக்குள் ஈரத்தையும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை வீசும் சோழகத்தில் ஈரம் குறைவு, புழுதி அதிகம். தென்மேற்குப் பக்க யன்னலை மூடி மற்றப் பக்கத்தைத் திறக்கலாம்.

மாதம் ஒருமுறை, நல்ல வெயில் நாளில், காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை திறந்து விட்டால் போதும். மழை விட்ட மாலையில் “கொஞ்சம் காத்துப் படட்டும்” என்று திறப்பதுதான் கெடுதல். ஈரக்காற்று உள்ளே வந்து, இரவு குளிரும்போது பாத்திரத்திலும் கண்ணாடியிலும் நீராகப் படியும். செப்ரெம்பரில் ஒரு பெரிய பார்வை: ஓடு மாற்றி, பீலி துடைத்து, தலைக்கு மேல் வரும் கொப்பு வெட்ட வேண்டும். இதைச் செய்துவிட்டால் மாரியைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை.

மேல் காற்றுத் துவாரங்களை அடைக்காதீர்கள். எலி, அணில் வராமல் கம்பி வலை அடியுங்கள். கடற்கரையில் துத்தநாகம் பூசிய வலை துருவேறும், துருவேறாத உருக்கு வலை நல்லது. சாமான்களைத் தறப்பாளால் இறுக்கி மூடினால் உள்ளே வியர்க்கும். பழைய பருத்திச் சேலையே நல்ல மூடுதுணி.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் உதவுமா?

மூடி இறுகும் பெட்டிக்குள் மட்டும். 50 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டிக்கு 100 கிராம் அளவு போடுங்கள். நீலமணி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து முடிந்தது; 120 பாகை சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தெடுத்தால் திரும்ப வேலை செய்யும். திறந்த அறையில் தட்டில் கொட்டி வைப்பது வீண் காசு.

கூறைச்சேலையும் பட்டுகளும்?

கழுவாமல், வியர்வையோடு வைத்த பட்டு மடிப்பில் இற்றுப்போகும். உலர்சலவை செய்து, ஒருநாள் நிழலில் ஆறவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். பொலித்தீன் பை வேண்டாம். அதற்குள் சரிகை கறுக்கும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பூச்சி உருண்டை சரிகையில் முட்டக் கூடாது. துணி முடிச்சில் கட்டி அலுமாரியின் மேல் மூலையில் தொங்கவிடலாம். குழந்தைகளின் உடுப்போடு பூச்சி உருண்டையை வைக்கவே வேண்டாம், சில குழந்தைகளுக்கு அதன் ஆவி இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். நன்றாகக் காய்ந்த வேப்பிலையை வைக்கலாம், ஆனால் அரைகுறையாய்க் காய்ந்தது பூஞ்சணத்தைக் கொண்டுவரும்.

பித்தளைக் கிடாரம், குத்துவிளக்கு, அண்டா?

புளி போட்டு மினுக்கினால், புளியின் மிச்சம் ஒட்டாமல் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். களிம்பு பச்சையாகப் பிடிப்பது பெரும்பாலும் அந்தப் புளியால்தான். வெயிலில் முழுநாள் காயவைத்து, ஒன்றுக்குள் ஒன்று போடும்போது இடையில் துணி வையுங்கள். குத்துவிளக்கைத் தண்டு தண்டாகக் கழற்றி, புரியில் நூலளவு எண்ணெய் தடவிச் சுற்றினால் இறுகிப் போகாது.

நூறு கதிரையும் நான்கு கிடாரமும் ஒரு கலியாணத்துக்காக வாங்கியவை என்றால், பூட்டி வைப்பதை விட ஊர்ச் சனசமூக நிலையத்துக்கோ கோயில் மடத்துக்கோ கொடுத்துவிடுவது மேல். பாவிக்கப்படும் பாத்திரம் கெடாது. உங்களுக்குத் தேவைப்படும் நாளிலும் அங்கே இருக்கும்.

காணி உறுதி, பிறப்புப் பத்திரம், படங்கள், ஏடுகள்?

இவற்றை மற்றச் சாமான்களோடு வைக்காதீர்கள். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் கையில் எடுத்தது போக மற்றதெல்லாம் விட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது உறுதி இல்லாமல் காணியை நிறுவப் பட்ட பாடு இன்னும் பல குடும்பங்களில் முடியவில்லை. ஆகவே மூலப் பத்திரங்கள் ஒரு சிறு பெட்டியில், கையோடு தூக்கும் அளவில், வேறிடத்தில் இருக்க வேண்டும்.

உறுதியின் இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர் மூன்றையும் தனியே எழுதி, குடும்பத்தில் குறைந்தது இருவரிடம் வையுங்கள். நொத்தாரிசு தன் உறுதிகளின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். இந்த மூன்று விவரமும் இருந்தால் உறுதிப்படுத்திய பிரதி கேட்கலாம். பிறப்பு, விவாக, மரணப் பத்திரப் பிரதிகள் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். உறுதியை லமினேற் செய்யாதீர்கள்: சூட்டில் முத்திரை நசுங்கும், பிறகு பிரிக்கவும் முடியாது.

படங்களை ஒட்டும் தாள் அல்பத்திலிருந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் வெள்ளைத் தாள் வைத்து நிமிர்த்தி அடுக்குங்கள். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்க வேண்டாம். கண்ணாடியோடேயே 600 டிபிஐயில் ஸ்கான் பண்ணுங்கள். கலியாண வீடியோ நாடாக்களில் பூஞ்சணம் ஏறியிருந்தால் ஓடவிடாதீர்கள், கருவியும் சேர்ந்து கெடும். இலக்கப்படமாக மாற்றுபவரிடம் முதலில் காட்டுங்கள்.

வீட்டில் ஏட்டுச் சுவடி இருந்தால் தயவுசெய்து மஞ்சளோ எண்ணெயோ நீங்களே பூசாதீர்கள். பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, தட்டையாக வைத்து, அறிந்தவருக்குக் காட்டுங்கள். 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்தது போனால் போனதுதான். நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்து ஆவணங்களை இலக்கமாக்கி இணையத்தில் வைத்து வருகிறது. உங்கள் வீட்டுப் பழைய கோயில் மலர், பள்ளி மலர், இறந்தவர் நினைவாக அச்சிட்ட கல்வெட்டுப் புத்தகம் கூட அங்கே சேரத்தக்கவை.

பிறிஜ், தண்ணீர் மோட்டர், மோட்டார் சைக்கிள்?

பிறிஜ்ஜை ஒருநாள் முன்னரே நிறுத்தி, பனி கரைந்து காய்ந்தபின் பேக்கிங் சோடா கலந்த தண்ணீரால் துடைத்து, கதவிடுக்கில் கட்டையொன்று வைத்துத் திறந்தபடியே விடுங்கள். மூடினால் கறுப்புப் பூஞ்சணம் றபர் முழுதும் ஏறும். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். ஏற்றும்போது சரித்திருந்தால், இறக்கிச் சில மணி நேரம் கழித்தே மின் கொடுங்கள்.

தண்ணீர் மோட்டரின் வயிற்றுத் தண்ணீரை வடித்து, மாதம் ஒருமுறை கையால் அச்சைச் சுழற்றுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு காய்ந்தால் அச்சு இறுகிப்போகும். அப்படியே மின் கொடுத்தால் சுருள் எரியும்.

மோட்டார் சைக்கிளில் பெற்றோலை முழுக்க வடியுங்கள். மாதக்கணக்கில் நின்ற பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரை அடைக்கும். பற்றரியைக் கழற்றி வெளியே எடுங்கள். நடுத்தாங்கியில் நிறுத்தி, புகைக்குழாயில் துணி அடையுங்கள், எலி கூடு கட்டாது.

ஒடியல், நெல், வெங்காயம்?

வீட்டுச் சாமான்களோடு வேண்டாம், வண்டும் எலியும் அவற்றோடு வரும். நெல்லை ஈரம் 14 வீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்து, சாக்கைப் பலகைமேல் அடுக்குங்கள். ஒடியல் வெயிலில் காய்ந்த சூடு ஆறியபின் தகரப் பேணியில் இறுக்கி, மாரிக்குமுன் ஒருமுறை திரும்ப வெயில் காட்ட வேண்டும். சின்ன வெங்காயம் தாளோடு பிடி பிடியாகக் கட்டிக் காற்றோட்டமான கொட்டிலில் தொங்க வேண்டியது. அறைக்குள் பூட்டினால் அழுகும்.

எதை வைக்கவே கூடாது?

எரிவாயு சிலிண்டர், பெற்றோல், மண்ணெண்ணெய், பெயின்ற், பூச்சிமருந்து, கோயிற் திருவிழாவில் மிஞ்சிய வெடி. எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் நிலத்தோடு தேங்கி, ஒரு மின்பொறிக்காகக் காத்திருக்கும். நகையும் காசும் வங்கிப் பெட்டகத்துக்கு.

அறை தருபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டுமா? சொந்தக்காரர்தானே?

சொந்தக்காரர் என்பதால்தான் வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்த அறை, மாத வாடகை, திறப்பு யாரிடம், எத்தனை மாதம் தொடர்பில்லாவிட்டால் என்ன செய்வது, சாமான் பட்டியல் ஆகியவற்றை இரண்டு பிரதியில் எழுதி இரு சாட்சியோடு கையெழுத்திடுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தவணைக்கு அசையாச் சொத்தைக் குத்தகைக்கு விடுவது நொத்தாரிசு முன் எழுதினாலே சட்டப்படி நிற்கும். நீண்டகால ஏற்பாடென்றால் அந்தச் செலவைப் பாராதீர்கள்.

சகோதரர்களுக்குப் பொதுவான வீடென்றால், ஒவ்வொரு பெட்டியையும் திறந்தபடி படமெடுத்து, இலக்கமிட்டு, எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூடுங்கள். “அம்மாவின் பெட்டகத்தில் இருந்தது எங்கே?” என்ற கேள்வி உறவை முறிக்கும் அளவுக்குப் போகக்கூடியது.

வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரை இருத்தினால், அவர் அனுமதியோடு இருக்கிறார் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் 10 ஆண்டு தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக அனுபவித்தவர் உரிமை கோர முடியும். அனுமதிக் கடிதம் இருந்தால் அந்த வாதம் நிற்காது.

பூட்டும் திறப்பும்?

பித்தளை ஆமைப்பூட்டு. கடற்கரையில் இரும்புப் பூட்டு ஒரு மாரியில் இறுகும். துவாரத்துக்குள் எண்ணெய் விட்டால் புழுதி ஒட்டும், பென்சில் கரியான காரீயத்தூள் போடுங்கள். பூட்டின் மேல் பழைய சைக்கிள் ரியூப் துண்டைத் தொங்கவிட்டால் மழைச்சாரல் படாது. ஒரு திறப்பு உங்களிடம், ஒன்று அயலில். அயலவரிடம் இல்லாத திறப்பால், ஓடு விலகிய இரவில் பயனில்லை.

ஊர் வழக்கம் ஏதும் பார்க்க வேண்டுமா?

வேண்டும். அயலில் செத்தவீடென்றால் அன்றைக்குச் சாமான் ஏற்றி இறக்குவதில்லை. கோயில் கொடியேறினால் தேர், தீர்த்த நாட்களில் வீதி அடைபடும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் யாழ். நகரப் பக்கமாக வாகனம் பிடிப்பது கடினம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் ஜூலை, ஓகஸ்ட்டில்தான் வருகிறார்கள். அந்த மாதங்களில் பட்டாவும் ஆளும் கிடைப்பது அரிது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கந்தரோடையில் களஞ்சியக் கொட்டில் கட்ட அத்திவாரம் வெட்டலாமா?

முதலில் தொல்லியல் திணைக்களத்திடம் கேளுங்கள். அங்கே சுண்ணக்கல் தூபிகள் இருக்கும் இடம் பாதுகாக்கப்பட்டது. சுற்றுக் காணிகளிலிருந்தும் பழைய நாணயம், மணி, மட்பாண்ட ஓடுகள் வந்திருக்கின்றன. மண்வெட்டியில் அப்படி ஏதும் பட்டால் அந்த இடத்தில் வெட்டுவதை நிறுத்தி அறிவிக்க வேண்டும். எடுத்துக் கழுவி அலுமாரியில் வைத்தால், எந்த ஆழத்தில் எதோடு கிடந்தது என்ற செய்தி அழிந்துவிடும். ஊரின் வரலாறு அந்தச் செய்தியில்தான் இருக்கிறது. தூண் நட்டு நிறுத்தும் கிடுகுக் கொட்டிலுக்கும் அனுமதி தேவையா என்பதை அதே கேள்வியில் கேட்டுவிடுங்கள்.

அம்மம்மாவின் பெட்டகத்தை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

50 ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருள், அரிய நூல், ஏடு எதையும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கப்பலில் ஏற்ற முன்னரே விண்ணப்பியுங்கள்; துறைமுகத்தில் மறிபட்ட பிறகு செய்வது செலவும் தாமதமும்.

நெடுநாள் கழித்துத் திறக்கும்போது?

தனியே போகாதீர்கள். சப்பாத்துப் போட்டு, கையுறையோடு, காலை வெளிச்சத்தில் திறவுங்கள். கதவைத் திறந்து ஒரு மணி நேரம் காற்று விட்டபின் உள்ளே போகலாம். சாக்கையும் பெட்டியையும் கையால் இழுக்க முன் தடியால் தட்டுங்கள். சுருட்டை விரியன் யாழ்ப்பாணத்தில் சாதாரணம். சிறிது, மண்நிறம், அடுக்கின் அடியில் சுருண்டு கிடக்கும். கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், கையைக் காலை அசைக்காமல் நேரே யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

பூஞ்சண வாசம் இருந்தால் மூக்கைத் துணியால் மூடி, பெட்டிகளை விறாந்தைக்கு எடுத்து, நிழலில் திறந்து வையுங்கள். புத்தகத்தையும் பட்டுத் துணியையும் நேர் வெயிலில் போட வேண்டாம். மெத்தையையும் பாயையும் இரண்டு நாள் வெயிலில் புரட்டிப் போடுங்கள். பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக அடையாளமிட்டு, கெட்டதை அன்றைக்கே வளவுக்கு வெளியே அனுப்புங்கள். ஒரு கறையான் பிடித்த பலகையை மீண்டும் உள்ளே வைத்தால் அடுத்த மாரிக்குள் முழு அடுக்கும் போகும்.